அப்பா யாரிடம் பேசுவார்?

கோலா பிலா, மலேசியா

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்க அம்மன் துணை இருப்பாள். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அப்படி எழுதலாமா கூடாதா என்பதே குழப்பமாக இருக்கிறது, அதனால் நடந்ததை எழுதுகிறேன், சுகமா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்ததும் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், வாயையும் திறப்பதில்லை, எழுந்தும் போவதில்லை, அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது. கிளாஸ்கோவில் குளிர் கூடிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, அழகு பார்த்துக்கொண்டு தலையைத் திறந்துபோட்டுத் திரியாதே.

முருகையா பெரியப்பா லோரியிலேயே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அப்பா சரியாகப் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போகிற வழியில், அப்பா ஓட்டிக்கொண்டிருக்க, பக்கத்து சீட்டிலேயே மாரடைப்பு. இத்தனை வருஷம் ஒரே லோரியில் போன கூட்டாளிகள், வருத்தம் இருக்கத்தானே செய்யும், கருமாதி முடிந்தால் தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். தெளியவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார், உன் அப்பா உப்பைப் பற்றிக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறார் என்றால் நிலைமையை நீயே பார்த்துக்கொள். லோரிச் சாவியை நீட்டினால் வாங்காமல் நிற்கிறாராம், வேலையை மேற்பார்க்கிற மண்டோரும் நல்லவர்தான், ஆனால் எத்தனை நாள் பொறுப்பார். நீதான் சிரம்பான் டவுனில் தெரபிஸ்ட் இருக்கிறார்கள், பேசினால் மனப்பாரம் குறையும் என்று அங்கிருந்தே எல்லாம் ஏற்பாடு செய்தாய், அதுவரை நல்லது. அதன் பிறகு ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்று கேட்டாயே, அன்று பிடித்தது எனக்குத் தலைவலி.

உன் முகுந்தன் மாமாவைக் கேட்டேன், ஆம்பள மனசு ஆம்பளைக்குத்தான்கா தெரியும், பொம்பள முன்னாடி மச்சான் அழுவாரா என்றான். பக்கத்து வீட்டு ராக்கம்மாவோ, பொம்பளைன்னா எளகுன மனசுலா, அதுகிட்டதான் வாய் தொறப்பாங்க என்றாள், சொன்னவள் அதோடு போயிருக்கலாம், ஆனா சின்னப் பொண்ணா இருந்தா பாத்துக்க லெச்சுமி, ரூம் கதவச் சாத்திருவாங்களாம் என்று என் காதில் ஓதிவிட்டுத்தான் போனாள். சரி, ஆணே இருக்கட்டும் என்று சத்தியசீலன் என்பவரிடம் கூட்டிப்போனோம். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நான்தான் அப்பாவின் சட்டைப்பையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டு அனுப்பினேன். நேரம் முடிந்து வெளியே வந்தவர், நல்ல மனுசன்தான், ஆனா ஒண்ணும் சொல்லத் தெரியலலா என்றார். பழம் போனபடியே பையில் இருந்தது. பிறகு துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நம் தோட்டத்துக் காளியம்மன் கோயிலில் குறி கேட்கப் போனால் நாம் வாயைத் திறக்க மாட்டோம் இல்லையா, நம் குறையை நாமே சொல்லிவிட்டால் அப்புறம் குறி எதற்கு, பூசாரி அல்லவா சொல்ல வேண்டும். அப்பா அப்படித்தான் காத்திருந்திருக்கிறார். அந்த சத்தியசீலனும் பாவம், இவராகப் பேசட்டும், அவசரப்படுத்தக் கூடாது என்று மரியாதையாகக் காத்திருந்திருக்கிறார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நேரம் முழுக்க உட்கார்ந்திருந்து எழுந்து வந்திருக்கிறார்கள். சிரிக்காதே. நான் சிரித்தேன், சிரித்து முடிக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது.

பிடிக்காவிட்டால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று நீ சொன்னதால் அடுத்த முறை லோகேஸ்வரி என்ற பெண்ணிடம் போனோம், அங்கே நீங்கள்தான் பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக் கூட்டிப்போனேன். உன் வயதுதான் இருக்கும், ஜீன்ஸ் போட்டிருந்தாள், அப்பாவை வாங்க அங்கிள் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது, என்ன பேசுகிறார் என்பது விளங்கவில்லை, ஆனால் பேசுகிறார், நிறுத்தாமல் பேசுகிறார். நான் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றியிருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது. பொறாமைதான், உன்னிடம் மறைப்பானேன். இத்தனை காலம் கூட வாழ்ந்தவளிடம் சொல்லாததை நேற்றுப் பார்த்த பெண்ணிடம் சொல்கிறாரே என்று இருந்தது. அதே குரல் சத்தியசீலன் அறையிலிருந்து கேட்டிருந்தால் எரிந்திருக்குமா என்று யோசித்தேன், தெரியவில்லை. அவள் பெண் என்பதால் பேசினாரா, பேச வேண்டும் என்று நான் சொன்னதால் பேசினாரா, இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டதால் அதுவும் பிடிபடவில்லை. கோயிலில் பூசாரி மேல் அம்மன் இறங்கி வாக்குச் சொல்லும்போது சொல்வது ஆணா பெண்ணா என்று ஒருவரும் கேட்டதில்லை, இதற்கு மட்டும் ஏன் எனக்கு இவ்வளவு கணக்கு என்றும் தோன்றியது. இப்படியே மூன்று நான்கு முறை போய் வந்துவிட்டோம்.

போன வாரம் திரும்பும்போது பஸ் புக்கிட் புத்துஸ் மலை ஏறிக்கொண்டிருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை, என்னிடம் சொல்ல முடியாதது அந்தப் பெண்ணிடம் என்ன இருக்கிறது, அவள் பெண் என்பதால்தானே என்று கேட்டே விட்டேன். அதற்கு அவர், ஆம்பள பொம்பளன்னு நான் பாக்கல லெச்சுமி, அந்தப் பொண்ணுக்கு முருகையாவத் தெரியாது, அதான் என்றார். நீ தெனம் அவனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவ, உன்கிட்ட எப்படிச் சொல்றது என்றார். அப்புறம் தானாகவே சொன்னார். அன்றைக்கு முருகையா பெரியப்பா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு ஆலை வாசல் வரை பேசிக்கொண்டே போயிருக்கிறார். நம்ம ரஞ்சிதா கல்யாணத்துக்கு இந்த லோரியிலேயே மாப்பிள்ளை ஊர்வலம் விடுவோம், குலைக்குப் பதில் சொந்தக்காரர்களை ஏற்றுவோம் என்று கேலி பேசி, பதில் வராததால் தூங்குமூஞ்சி என்று திட்டியும் இருக்கிறார். எடை போடும் இடத்தில் இறங்கச் சொல்லித் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. எவ்வளவு தூரம் அவன் இல்லாமலே பேசிட்டு வந்தேன்னு தெரியல, இப்ப வாயத் தொறந்தாலே எதிர்ல இருக்கறவங்க இருக்காங்களா இல்லையான்னு பயமா இருக்குலா என்றார். நான் போன் பேசும்போது பக்கத்தில் வந்து உட்காருகிறாரே, அது அந்தப் பக்கம் நீ பதில் பேசுவதைக் காதால் கேட்கத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சத்தியசீலனுக்கும்தான் முருகையா பெரியப்பாவைத் தெரியாது, அப்படியென்றால் வாய் திறந்திருந்தால் அவரிடமும் இதே கதையைச் சொல்லியிருப்பாரா, அல்லது பெண் என்றதும்தான் மனசு இளகியதா, இதை எழுதும்போதும் எனக்கு விளங்கவில்லை. நீ படித்தவள், தெரிந்தால் சொல். லோகேஸ்வரியிடமே தொடர்ந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன், ராக்கம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். சாவியை இன்னும் வாங்கவில்லை. ஆனால் நேற்று ரசத்தில் புளி அதிகம் என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக இருக்கிறோம் என்று கலங்காதே, நீ நினைத்ததெல்லாம் கைகூடி நீண்ட ஆயுளோடு நன்றாக இருப்பாய் கண்ணு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அன்றைக்கு மலை இறங்கி கோலா பிலா வரும்வரை அப்பா பேசப் பேச நான் ம், ம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், வாய் வலித்தாலும் நிறுத்தவில்லை. இனி அப்பா போனுக்கு வந்தால் நீயும் சும்மா கேட்டுக்கொண்டிருக்காதே, ஊம் கொட்டிக்கொண்டே இரு.

உன் அம்மா,
சோ. முத்துலெட்சுமி