காஞ்சோண்டி வயலும் என் ஒற்றைக் கையெழுத்தும்

அண்ணை,

காரின் பின்பெட்டியைத் துப்பரவாக்கும்போது உங்கள் மஞ்சள் ரப்பர் கையுறைகள் கிடைத்தன. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, நீங்கள் வைத்தபடியே கிடந்தன. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். முக்கால்வாசி ரப்பர் மணம். மிச்சம் காய்ந்த காஞ்சோண்டி இலை. படிக்கட்டில் நின்ற மனைவி, என்னத்தை மணக்கிறீங்கள் என்று கேட்டாள். கார் ரயரை என்று சொல்லிவிட்டேன். அறுபது வயது மனிசன் பாத்திரம் கழுவும் கையுறையை மணந்து கண்கலங்கி நிற்கிறான் என்று ஒத்துக்கொள்வதைவிட, ரயர் மணக்கிறவன் என்று பெயரெடுப்பது மேல்.

பின்பெட்டியை ஒதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. வருகிற ஞாயிறு மகள் குடும்பத்தோடு ஒடென்சேயிலிருந்து வருகிறாள். அவர்களை உங்கள் வயலுக்குக் கூட்டிப்போக வேண்டும். உங்கள் வயல் என்றுதான் எழுத வருகிறது. உங்களுக்கு அதில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே இப்போது மரக்கட்டைகள் அடித்து, செம்மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார்கள். வீடுகள் வரப்போகின்றன. அதில் ஒன்று என் மகளுடையது.

இதை உங்களிடம் நேரே சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. அதனால்தான் மடல்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் இருபத்தொரு வருடம் ஒரே மெசினில் நின்றோம். கட்டில் விரிப்பின் இரண்டு மூலை உங்கள் கையில், இரண்டு மூலை என் கையில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி எத்தனை ஆயிரம் விரிப்பு நீட்டியிருப்போம். மெசின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஆனாலும் கதைத்துக்கொண்டே இருந்தோம். நீங்கள் சொன்னதில் பாதிக்கு நான் சும்மா தலையாட்டியிருக்கிறேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நான் கொபன்ஹேகனுக்குப் பக்கத்து டோஸ்ட்ருப்பில் மூன்றாம் மாடியிலேயே இருந்துவிட்டேன். நீங்கள் காரில் பத்து நிமிடம் தள்ளி, அந்தச் சின்னக் கிராமத்தின் கடைசி வீட்டை வாங்கினீர்கள். சமையலறை யன்னலைத் திறந்தால் வயல். வசந்தம் வந்ததும் ஞாயிறுகளில் என்னையும் வாய்க்கால் கரைக்கு இழுத்துப் போவீர்கள். முதல் நாள் நீங்கள் மஞ்சள் கையுறையை மாட்டிக்கொண்டு காஞ்சோண்டிக்குள் இறங்க, உங்களுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து போனேன்.

“ஊரில ஆளைச் சொறிய வைக்கிற இலை, இஞ்ச வறைக்கு முதல் தரம், தம்பி. நுனி நாலு இலையை மட்டும் கிள்ளு” என்றீர்கள்.

எனக்குக் கையுறை கொண்டுவர மறந்திருந்தீர்கள். இரண்டு நாள் என் விரல்கள் பணியாரம்போல இருந்தன. துருவின தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு, நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி வறுத்துத் தந்ததும் நோவை மறந்துபோனேன். அந்தப் பாதையால் ஓட்டப்பயிற்சியில் போன டெனிஷ்காரப் பெண் ஒருத்தி நின்று, இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நீங்கள் தாளிப்பதுவரை சொல்லிக்கொடுத்தீர்கள். அவள் அதைத் தன் போனில் எழுதிக்கொண்டு போனாள். சமைத்தாளோ தெரியாது.

இந்த வயலை ஏன் ஒருவரும் கட்டிடம் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். கையுறை போட்ட கையை என் கார் மூடியில் விரித்து வைத்தீர்கள். உள்ளங்கைதான் கொபன்ஹேகன், விரல்கள் ரயில் பாதையும் அதை ஒட்டின வீடுகளும் என்றீர்கள். அந்தக் காலத்தில் நகரத்துக்குத் திட்டம் போட்டவர்கள் விரல்களுக்கு இடையில் இருக்கிற நிலத்தைப் பச்சையாகவே விடவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார்களாம். டோஸ்ட்ருப் எது என்று கேட்டேன். ஒரு விரலின் நடு மூட்டைத் தொட்டுக் காட்டினீர்கள். நாங்கள் நிற்கிற இடம் எது என்றேன். ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டினீர்கள்.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் வீடு கட்ட அனுமதிக்கலாமா என்று நகரசபை முதல் தடவை கேட்டது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கடையும் பூட்டியாயிற்று, இளம் குடும்பங்கள் வந்தால்தான் ஊர் உயிரோடு இருக்கும் என்று அவர்கள் எழுதியதிலும் நியாயம் இருந்தது. நீங்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினீர்கள். டோஸ்ட்ருப் தமிழ்ச் சனத்திடம் கையெழுத்து வாங்கும் வேலையை என்னிடம் தந்தீர்கள். அப்படி ஒரு பொறுப்பை எனக்கு அதற்கு முன் யாரும் தந்ததில்லை. பிறகும் தரவில்லை.

பிள்ளைகளின் சங்கீதப் பரீட்சை நடந்த மண்டபத்தில் பதினொரு தகப்பன்மாரைப் பிடித்தேன். அரை மணித்தியாலத்தில் நாற்பத்தாறு கையெழுத்து. எப்படி என்று கேட்கமாட்டீர்கள், எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் தன் பெயரைப் போட்டார், பிறகு மனிசியின் பெயர், வளர்ந்த பிள்ளைகளின் பெயர், ஒருவர் மாமியின் பெயரையும். வீட்டுக்குப் பெரியவர் போட்டால் எல்லோரும் போட்டமாதிரித்தானே. நானும் மூன்று பேருக்குப் போட்டேன், மூன்று பேனையால். மகளுடையதைப் பச்சை மையால் போட்டேன், இளம் பிள்ளையின் கையெழுத்துப்போல இருக்கட்டும் என்று. எட்டாம் வகுப்போடு நின்றவனின் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் நகரசபை தனித்தனியே நன்றிக் கடிதம் அனுப்பும் என்று நான் கண்டேனா? ஓகூஸில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கும் போனது, உங்கள் எதிர்ப்பு எங்களுக்குக் கிடைத்தது என்று. அவள் சனிக்கிழமையே வந்து இறங்கினாள். நீங்கள் எங்கள் மேசையில் இருந்து சோறும் காஞ்சோண்டி வறையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள் டெனிஷில் தொடங்கி, உங்களைக் கண்டதும் தமிழுக்கு மாறினாள்.

“நான் எதிர்க்கேல்லை. எனக்கு அந்த வீடுகள் வேணும். அங்கிள், உங்களுக்கு அங்க வீடு இருக்கு. எங்களுக்கு மூண்டாம் மாடிதான்.”

நான் எழும்பிக் கத்தத் தொடங்கினேன். பெரியவருடன் கதைக்கிற கதையா இது என்று. நீங்கள் கையைக் காட்டி என்னை இருத்தினீர்கள். கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தீர்கள்.

“அவள் சொன்னதுக்கு என்னட்டைப் பதில் இல்லை, தம்பி. நீ அவளின்ர பேரைப் போட்டதுக்கு உன்னட்டையும் பதில் இல்லை.”

அடுத்த கிழமை முழுதும் வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போனோம். நீங்கள் பட்டியலை நீட்டி, இது உங்கள் கையெழுத்தா, உங்கள் விருப்பமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டீர்கள். நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். ஒரு வீட்டில் மனைவி, எனக்கு வீடு கட்டுறதுதான் விருப்பம் என்றாள். அதைப் புருசன் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டார். தேத்தண்ணீர் தராமலே அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தாறு பதினேழாகியது. இதை யார் அண்ணை பார்க்கப்போகிறார்கள், விடுங்கோ என்று படியில் வைத்துச் சொன்னேன்.

“அந்த வயலைப் பொய் சொல்லி நிப்பாட்டி வைக்கேலாது” என்றீர்கள்.

முதல் பட்டியலைத் திரும்பப் பெற்று, பதினேழையே மறுபடி அனுப்பினீர்கள். அந்தத் தடவை திட்டம் நின்றுபோனது. ஏன் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. எங்கள் பதினேழு கையெழுத்தால்தான் என்று நான் தொழிற்சாலை முழுதும் சொல்லித் திரிந்தேன். நீங்கள் விரிப்பின் மற்றப் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள்.

உங்கள் இறுதிக் கிரியை நாளில் அஞ்சலிப் புத்தகத்துக்கு முன் நாங்கள் மூன்று பேரும் வரிசையில் நின்றோம். நான் என் பெயரை எழுதிவிட்டுப் பேனையை மனைவியிடம் கொடுத்தேன். அவள் மகளிடம் கொடுத்தாள். மகள் கனநேரம் எழுதினாள். எட்டிப் பார்க்கவேண்டும்போல இருந்தது, பார்க்கவில்லை. பிறகு அக்கா வீட்டை விற்றுவிட்டு ஓகூஸுக்கு, உங்கள் மகனிடம் போய்விட்டா. இப்போது உங்கள் சமையலறை யன்னலில் வேறு யாருடையதோ திரைச்சீலை தொங்குகிறது. நான் அந்தப் பாதையால் நடந்தால் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே கழுத்தை ஒருமாதிரி வைத்து நடந்து பழகிவிட்டேன். மகள் கண்டால் வைத்தியரிடம் கூட்டிப்போவாள்.

போன வருடம் திட்டம் திரும்பவும் வந்தது. அதே வயல், அதே நியாயங்கள். மகள் ஒடென்சேயிலிருந்து கூப்பிட்டு, தாங்களும் ஒரு வீட்டுக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அம்மாவின் முழங்கால் இருக்கிற இருப்புக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்றாள். பேரப்பிள்ளைகள் பத்து நிமிட தூரத்தில். மனம் துள்ளியது, அண்ணை, மறைக்கமாட்டேன். போனை வைத்த பிறகுதான் வாய்க்கால் கரை ஞாபகம் வந்தது.

கருத்துச் சொல்ல எட்டு வாரம் தந்தார்கள். ஏழு வாரமும் ஆறு நாளும் ஒரு வரி எழுதவில்லை. வேண்டாம் என்று எழுதினால் மகளுக்கு வீடு இல்லை. வேண்டும் என்று எழுதினால் உங்களோடு நான் நடந்த இடம் இல்லை. கடைசி நாள் மத்தியானம் மகளுக்குப் போன் எடுத்து, நான் எழுதப்போகிறேன் பிள்ளை, என்ன எழுதுவேனோ தெரியாது என்றேன்.

“எழுதுங்கோ அப்பா. ஆனா உங்களுக்கு மட்டும்.”

என் உடைந்த டெனிஷில் எழுதினேன். என் மகள் இங்கே வந்து இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். இந்த வயல் போகக்கூடாது என்றும் விரும்புகிறேன். வாய்க்கால் கரையில் காஞ்சோண்டி முளைக்கிற துண்டு நிலத்தையாவது விடுங்கள். கீழே ஒரு கையெழுத்து. ஒரு பேனை.

நகரசபையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மரியாதையான பிள்ளை. நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா, எந்தப் பக்கத்தில் பதிவது என்று கேட்டாள். இரண்டிலும் என்றேன். அப்படி ஒரு பக்கம் இல்லையாம். கடைசியில் ‘ஏனையவை’ என்ற தலைப்பில் போட்டாள். இந்த நாட்டில் முப்பத்தைந்து வருடம் இருந்து எனக்குக் கிடைத்த சரியான இடம் அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு, காஞ்சோண்டி பாதுகாக்கப்பட்ட செடி இல்லையே, எல்லா இடமும் முளைக்குமே, ஏன் அந்த இடம் என்று கேட்டாள். அதற்கு என்னிடம் டெனிஷ் இருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் தமிழும் இருக்கவில்லை.

திட்டம் நிறைவேறிவிட்டது. வாய்க்கால் அப்படியே இருக்கும், மழைத்தண்ணீர் ஓட வேண்டுமாம். என் கடிதத்தால் இல்லை. இந்தத் தடவை நான் அப்படிச் சொல்லித் திரியவும் இல்லை. கேட்டுச் சிரிக்க ஆள் இல்லை. மகளின் வீடு வாய்க்காலிலிருந்து மூன்றாவது.

கையுறையைப் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பெரிது. கார் மூடியில் கையை விரித்து வைத்தேன், நீங்கள் வைத்ததுபோல. விரல்களைச் சேர்த்தேன், இடைவெளி இல்லாமல் போனது. திரும்ப விரித்தேன். ஞாயிறு உங்கள் கையுறையைக் கொண்டுபோவேன். நுனி நாலு இலை கிள்ளப் பேரப்பிள்ளைகளுக்கும் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன், உங்களைப்போல மறக்கவில்லை.

உங்களுக்கு மடல் எழுதுகிறேன் என்று நேற்று மகளிடம் சொன்னேன். ஏன், எப்படி அனுப்புவீர்கள் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. தானும் கையெழுத்துப் போடவேண்டும் என்றாள். சரி, நான் போட்டுவிடுகிறேன் என்று வாய்வரை வந்தது, அண்ணை. பேனையும் கையில்தான் இருந்தது.

என் பெயரை ஓரமாகச் சின்னதாக எழுதியிருக்கிறேன். கீழே அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன். ஞாயிறு வருவாள்.