பூஜ்யத்துக்குப் பதில் ஒரு வார்த்தை

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் நலமா? பொழுது போகாமல் இங்கே கிடக்கிறேன் என்று உன் அத்தை சொல்வது தவறு. கட்டில் கடையின் கணினி சொல்லவேண்டிய பதில்களை எழுதித் தருவது என் வேலை.

முன்பெல்லாம் ஆர்டர் பதிவானால் அது வெறும் பூஜ்யம்தான் காட்டும். பதிவாகவில்லை என்று நினைத்த குமாஸ்தா ஒரே கட்டிலுக்கு மூன்று முறை அழுத்த, மூன்று கட்டில்கள் வந்து இறங்கின.

"பூஜ்யம்னா வெற்றி, மேடம்" என்றார் புரோகிராமர்.

"பரீட்சையில வாங்கிட்டு வந்து உங்கம்மாகிட்ட சொல்லிப் பாருங்க" என்றேன்.

இப்போது "பதிவானது" என்றோ, "பதிவாகவில்லை, சரக்கு இல்லை" என்றோ வருகிறது.

மிஞ்சிய கட்டில்களில் ஒன்றில் மதியம் சற்றுச் சாய்ந்தேன். உன் வீட்டில் என் அறை ஜன்னலின் வெயில் காலடியில் மெல்ல நகர்வது போலிருந்தது.

அங்கே திரும்பி வரட்டுமா என்று போனில் நான் கேட்டதற்குக் கட்டைவிரல் படம் அனுப்பினாய். அது சம்மதமா, பார்த்தாய் என்பது மட்டுமா? வரலாம் என்றோ, வேண்டாம், இன்ன காரணம் என்றோ கடிதம் எழுது.

அம்மா