பெயரை எடுக்க மாட்டேன்

ஏறாவூர்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அக்ரமுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் கட்டார் நாட்டு வெயிலிலும் அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்க வேண்டும். இங்கே வாப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ராத்தா றிஸ்லாவின் சின்னவன் நடக்கத் தொடங்கி, கையில் அகப்பட்டதையெல்லாம் கிணற்றுக்குள் போடுகிறான், உன் பழைய செருப்பும் போய்விட்டது. நானும் சுகம். வழமைக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதே, உண்மையாகவே சுகம். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுகிறாய், அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற றிப்ஷானிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நான் குவைத்தில் வீட்டு வேலை செய்த எட்டு வருடத்தைப் பற்றி எழுதினது புத்தகமாக வருகிறது என்றதும், "எழுதுறத எழுதுங்க உம்மா, பேர மட்டும் அதுல இருந்து எடுத்துடுங்க, றூமுல இருக்கிற பொடியன்மார் என்ன நினைப்பானுகள்" என்றாய். என்ன நினைப்பார்கள், உன் உம்மா அடுத்தவன் கக்கூஸ் கழுவினாள் என்றுதானே. ஓம், கழுவினேன். அந்தக் கைதான் றிஸ்லாவின் வீட்டுக்குக் கல் வைத்தது. பெண்ணுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை வராத ஊர் இது, அந்த வீடு எப்படி வந்தது என்று மட்டும் வாய் திறக்கக் கூடாதாம்.

அலுமாரிக் கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருக்கும் என் படம் உனக்குத் தெரியும், பெரிய சிவப்புச் சோபாவில் ராணி மாதிரி இருப்பேன். வீட்டுக்காரி கடைக்குப் போன நேரம் பக்கத்து வீட்டில் வேலை செய்த பிள்ளையைக் கொண்டு எடுப்பித்தது. எட்டு வருடத்தில் அந்தச் சோபாவில் நான் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். படத்தின் பின்னால் 'எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஸஹீதா' என்று எழுதி அனுப்பினேன், நீங்கள் அழக் கூடாதென்று. வெளிநாடு போன எல்லாரும் அப்படித்தான் அனுப்பினோம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த வளவு வீட்டு நஸ்ஹா பாஸ்போட் எடுத்தாள். சுடுதண்ணீர் பட்டு விரல் மடங்காத கையோடு இரண்டு வருடத்தில் திரும்பி வந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

போன மாதம் நூலகத்தில் பெண்கள் கூடுகிற இடத்தில் அந்தப் படத்தின் கதையை வாசித்தேன். பின் கதிரையில் இருந்த நஸ்ஹா முடிந்ததும் எழும்பிப் போய்விட்டாள், நான் செத்துப் போனேன். அடுத்த கிழமை ஒரு கொப்பியோடு வந்து நின்றாள். "ராத்தா, நானும் எழுதியிருக்கன், நீங்க வாசிங்க, எனக்குக் குரல் வராது" என்றாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்தோம். இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். தன்னாமுனையிலிருந்து வருகிற புஸ்பம் நாலு வரி வாசித்து எட்டுத் தரம் மூக்கைச் சிந்துவாள், பிறகு எல்லாரும் சிரிப்போம். எந்த மருந்துக்கும் இறங்காத நெஞ்சுப் பாரம் எனக்கு இதில்தான் இறங்கினது. இதையா மகன் ஒளிக்கச் சொல்கிறாய்?

உனக்குச் சுட்டது எது என்றும் தெரியும். முதல் லீவில் நான் வந்த அன்று நாலு வயதில் நீ உன்னைப் பார்த்துக்கொண்ட சாச்சியின் பின்னால் ஒளிந்துகொண்டு "இது ஆரு" என்று கேட்டதை எழுதியிருக்கிறேன். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் உன்னுடையதும்தான், வெட்டச் சொன்னால் வெட்டுகிறேன். பெயர் என்னுடையது, அதில் கை வைக்காதே.

தண்ணீர் நிறையக் குடி, சுபஹுத் தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத் செய்யட்டும். போன மாதம் ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு படம் அனுப்பியிருந்தாய், வாப்பா ஊரெல்லாம் காட்டினார். அது யாருடைய கார் என்று நான் கேட்கவில்லை, நீயாக எழுது, எவ்வளவு நீளமாக இருந்தாலும் வாசிப்பேன். அந்தச் சோபாப் படத்துப் பொய்க்குப் பின்னால் பெயர் போட்டவள் நான். உண்மையைச் சொல்கிற நேரம் பெயரை எடுக்க மாட்டேன்.

உன் உம்மா,
ஹமீட் ஸஹீதா
(புத்தகத்திலும் இப்படித்தான் வரும்)