டி.எம்.டி டாக்டரம்மா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் தம்பி நலம், உங்கப்பா வலது கன்னத்தைத் தவிர மற்றபடி நலம். நீயும் மாப்பிள்ளையும் வாயிலிருக்கிற அத்தனை பல்லோடும் நலமாக இருக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால் உங்கப்பாவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது, காய்ச்சல் வேறு, பாலில் நனைத்த ரொட்டிதான் உள்ளே போகிறது, வேலைக்கும் போகவில்லை. கடைத்தெருவில் இருந்த பழைய பல் டாக்டர் ஓய்வுபெற்றுப் போய், அதே இடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார், அங்கே இழுத்துக்கொண்டு போனால் மனுஷன் வாசலிலேயே நின்றுவிட்டார். பழையவர் பலகையில் டி.டி.எஸ் என்று இருந்தது, இதில் டி.எம்.டி என்று இருக்கிறது. கம்பி கட்டுகிறவருக்கு டி.எம்.டி என்றால் கட்டடத்துக்குப் போடுகிற முறுக்குக் கம்பிதானே. அடியே, இது என் லைன், பல் டாக்டர் இல்லை, வா வீட்டுக்கு என்கிறார். எனக்கும் குழப்பம்தான், காட்டிக்கொள்வேனா, உள்ளே போய் நர்ஸ் பெண்ணைக் கேட்டேன். ரெண்டும் ஒரே பல் படிப்புதாம்மா, அமெரிக்காவில் ஒரு காலேஜ் அப்படிப் பேர் வைக்கும், இன்னொன்று இப்படி வைக்கும் என்றாள். உன் சித்தி என்னை அக்கா என்கிறாள், உன் அத்தை அண்ணி என்கிறாள், ஆள் நான் ஒருத்திதானே, அந்த மாதிரியா என்றேன், அதேதான் என்று சிரித்தாள். உங்கப்பா மசியவில்லை. ஒன்றுதான் என்றால் எதற்கு ரெண்டு பேர், எட்டு எம்எம் கம்பியும் பத்து எம்எம் கம்பியும் ஒன்றா என்கிறார். அந்த நேரம் பார்த்து பல்லில் கம்பி போட்ட ஒரு பெண் உள்ளேயிருந்து வந்தாள். இவர் குனிந்து அவள் வாயையே பார்க்கிறார், எனக்கு மானம் போயிற்று. நேரா இழுத்திருக்காங்க, முடிச்சு சுத்தம், வேலை தெரிந்த கைதான் என்று சொல்லிவிட்டுத் தானாகவே போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். பல் வந்துவிட்டது, மறுநாளே காய்ச்சலும் விட்டது, இப்போது தெருவெல்லாம் டாக்டரம்மாவின் கம்பி வேலையைப் பற்றித்தான் பேச்சு.

இதில் ஒரு சிக்கல். கிளம்பும்போது நர்ஸ் என் காதில் சொன்னாள், அந்தக் கம்பியைக் கட்டியது டாக்டரம்மாவே இல்லையாம், பக்கத்து அறைக்கு வாரம் ஒருநாள் வருகிற வேறு டாக்டராம், அவர் டி.டி.எஸ் முடித்து அதற்கு மேல் கம்பிக்கென்றே தனியாகப் படித்து எம்.எஸ் வாங்கினவராம். அப்படியென்றால் டி.எம்.டிக்குக் கம்பி கட்டத் தெரியாது, டி.டி.எஸ்ஸுக்குத்தான் தெரியுமா, எனக்குத் தலை சுற்றுகிறது. நீ படித்தவள், விளக்கி எழுது, ஆனால் எனக்கு மட்டும் எழுது. அடுத்த வாரம் இடது பக்கமும் ஒரு பல்லை எடுக்க வேண்டும், அது கையில் வருகிற வரைக்கும் கம்பி கட்டியது டாக்டரம்மாதான், போனில் உளறிவிடாதே.

ராத்திரி பல் தேய்க்காமல் படுக்காதே, மாப்பிள்ளையிடமும் சொல். ரெண்டு பேரும் சிரித்த வாயோடு நூறு வருஷம் இருங்கள்.

இப்படிக்கு,
உனக்கு அம்மா, மற்றவர்களுக்கு வேறு வேறு பட்டம்.