பின்னறைச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

ஏற்காடு,
நவம்பர் 1994

அன்புத் தங்கச்சி ஜமீலாவுக்கு அண்ணன் உசேன் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் நீயும் மாப்பிள்ளையும் பம்பாயில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் குறையில்லை, வீட்டுக்குத்தான் சுகமில்லை. அத்தா இருந்தால் பதமாக எழுதியிருப்பார், அவர் போனபின் உனக்கு அத்தாவும் நானே என்பதால் நேராகச் சொல்கிறேன். தலைப்பிரசவத்துக்கு இப்போதே கிளம்பி வரச்சொல்லி அம்மா எழுதியிருந்தால் கேட்காதே. நீ படுக்கவேண்டிய பின்னறை ஆள் படுக்கிற நிலையில் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் மேட்டு மண்ணைத் தாங்குகிற கல்சுவர் இருக்கிறதல்லவா, அதில் மழைத்தண்ணீர் வெளியேற விட்டிருந்த ஓட்டைகளை வீட்டுக்காரர் தேவசிகாமணி போன கோடையில் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார், பார்வைக்கு அழகாக இருக்குமாம். இப்போது மண் ஊறிக் கனத்துத் தள்ளுகிறது, சுவர் வயிறு தள்ளி நம் பின்னறைமேல் சாய்கிறது, அறைச் சுவரில் விரல் நுழைகிற வெடிப்பு. சேலத்தில் அவர் வீட்டுக்கே போய், கட்டடப் படிப்புப் படித்தவன் சொல்கிறேன் என்று சொன்னேன், மழை முடியட்டுங்க தம்பி பாத்துக்கலாம் என்றார். மழை முடியும்வரை சுவர் நிற்கவேண்டுமே. பஞ்சாயத்து ஆபீசில் மனுக் கொடுத்தேன், ஆபத்தான கட்டடத்தைச் சரிசெய்ய உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆபீசரும் சொன்ன நாளில் வந்தார், நான்தான் தலைச்சோலையில் கட்டட வேலையில் மாட்டிக்கொண்டேன்.

அதற்குள் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, வெடிப்பில் சுண்ணாம்பைக் குழைத்து அடைத்து அறை முழுக்க வெள்ளையடித்து, கல்சுவர் தெரியாமல் சேலைகளைக் காயப்போட்டு, அவருக்கு ஏலக்காய் டீயும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், அவரும் குறையில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று கேட்டால், "ஊட்டுக்கு ஒரு பெரிய மனுசரு வர்றப்ப சொவரு பொளந்து கெடந்தா நம்ம மானம் என்னாவறது சாமி" என்கிறாள். தம்பி படிச்ச படிப்பை அம்மாவே வெள்ளையடிச்சு மூடிட்டாங்களே என்று தேவசிகாமணி சொல்லியனுப்பினார். நான் அன்று அம்மாவிடம் பேசிய பேச்சை எழுதமாட்டேன். சுண்ணாம்பைச் சுரண்டி, வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டினேன், இது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம், ஆபீசர் மறுபடி வந்து பார்த்தபின்தான் தொடவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை பெய்த மழையில் கண்ணாடி இரண்டாக உடைந்துவிட்டது. பார்த்தது அம்மாதான். என்னைக்கூடத் தேடாமல் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போய்விட்டாள். "ஏனுங்க, அன்னைக்கு மூடி வெச்சது நானுங்க, இன்னைக்கு மூடலீங்க, வந்து பாருங்க, எம்புள்ள பிரசவத்துக்கு வரோணும்" என்றாளாம். அவர் உடனே வந்தார், வெடிப்பைப் பார்த்தார், சுவரைப் பிரித்துக் கட்டாவிட்டால் வழக்கு என்று தேவசிகாமணிக்கு உத்தரவு போய்விட்டது. நேற்று ஆள் வந்து ஓட்டைகளை உடைத்துத் திறந்தான், செந்தண்ணீர் பீறிட்டு வந்தது. ஆனால் கட்டுவதற்குக் கல் இன்னும் வரவில்லை, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, நாளைக்கு மறுபடி ஆபீசில் போய் நிற்பேன்.

நாங்கள் முன்னறையில் படுக்கிறோம். சுவர் எழும்பினால் நானே வந்து உன்னைக் கூட்டிவருவேன், எழும்பாவிட்டால் அம்மாவை அங்கே கொண்டுவந்து விடுவேன், இதில் மாற்றமில்லை. மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் குடம் தூக்காதே. நீயும் பிள்ளையும் நலமாக இருக்க அம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறாள். புதிதாக ஒரு கண்ணாடி ஒட்டியிருக்கிறேன், காலையில் எழுந்ததும் அம்மா முதலில் அதைத்தான் பார்க்கிறாள். இதை எழுதும்போது முழுசாகத்தான் இருக்கிறது. மழை விடவில்லை.

உன் அண்ணன்,
உசேன்