சலோமியின் கல்லில் ஒட்டிய டைல்ஸ்

எதையும் ஓர் எட்டு தள்ளி நின்று பார்க்கச் சொல்லும் என் சலோமிக்கு,

உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றை ஒத்திப்போட்டுக்கொண்டே வருகிறேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். பள்ளி நூலகத்தில் ஒரு புதுப் புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்று முடிவு செய்யவே ஒரு பகலை எடுத்துக்கொண்டவன் நான். ஆனால் இது உன் கல்லைப் பற்றிய செய்தி. உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன்?

உன் கல்லறையின் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். இளநீல நிறம், ஓரத்தில் ரோஜாக் கொடி. கொடைக்கானலில் பாதி லாட்ஜ் குளியலறைகளில் இருக்கிறதே, அதே ரகம். தலைமாட்டில் உன் படத்தை அச்சடித்த ஒரு பெரிய டைல். படத்தில் உனக்குப் பின்னால் மேகம் போகிறது. கழுத்தில் நீ ஒருநாளும் போடாத தங்கச் சங்கிலி கிடக்கிறது.

கோபப்படாதே. இல்லை, கோபப்படு. என்னால் சரியாகக் கோபப்பட முடியவில்லை.

நீ என்ன கேட்டாய் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து, ஈரமாயிருந்த சோப்புக் கட்டியைக் கையில் எடுத்தாய். நடுவில் அல்ல, ஒரு பக்கமாக ஒதுங்கிக் கட்டைவிரலை அழுத்தினாய். "இப்படித்தாங்க இருக்கணும். மத்தது வெறுங்கல்லு. ஒரு மூலையில சின்னதா சிலுவ, பேரு. இந்தக் குழியில மழத்தண்ணி நிக்கும், மேகம் வந்து போகும். தெனம் ஒரு படம், காசில்லாம" என்றாய். நான் அழுதேன். நீ சோப்பு வீணாகிறதே என்று சிரித்தாய்.

அந்தச் சோப்புக் கட்டியைத்தான் பெருமாள்மலைக் கல்தச்சர் முருகேசனிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குழி நடுவுல இல்லியே சார், பரவாயில்லயா?" என்று மூன்று தடவை கேட்டார். ஆனால் செய்தபோது அப்படியே செய்தார். மழை நின்ற மறுநாள் போய்ப் பார்த்தேன். குழியில் வானம் இருந்தது. ஒரு குருவி அதைக் குடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து இந்த மலையில் அதைவிட நல்ல சிற்பம் எதுவும் இல்லை. அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்ற கேள்வியும் கூடவே வந்தது. அது எப்போதும் வருவதுதான்.

நம் வீட்டில் அப்படித்தானே வாழ்ந்தோம். நூலகத்தில் கழித்துக்கட்டிய ஓவியப் புத்தகங்களை நான் கொண்டுவருவேன். அடுப்படி வேலை முடிந்ததும் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்போம். பிறகு நீ சந்தைக்குப் போனால், அடுக்கிவைத்த தக்காளிப் பெட்டிகளின் நீலத்தையும் சிவப்பையும் காட்டி, நேற்றுப் பார்த்த படம் இங்கே நிற்கிறது என்பாய். டம்ளர் வாங்கினாலும் கையில் பிடித்துப் பார்த்து, விளிம்பு உதட்டில் எப்படி உட்காரும் என்று யோசித்துத்தான் வாங்குவாய். கடைக்காரர் அலுத்துக்கொள்வார். நான் வெட்கப்பட்டுத் தள்ளி நிற்பேன். ஆனால் அந்த டம்ளரில் காப்பி குடிக்கும்போதெல்லாம் நீ செய்தது சரி என்று தோன்றும்.

நீ வண்ணக் காகிதத்தை வெட்டிச் சதுரம் சதுரமாக ஒட்டிய படத்தை முன்னறையில் மாட்டியபோது, நம் கோயில் உபதேசியார் வந்து பார்த்துவிட்டு, "என்ன தாயி, பெயிண்ட் கட சாம்பிள் கார்ட மாட்டி வச்சிருக்க?" என்றார். நீ அசரவில்லை. "ஆமாங்கய்யா. இதுல ஒங்களுக்கு எது புடிச்சிருக்குன்னு சொல்லுங்க" என்றாய். அவர் தயங்கித் தயங்கி ஓரத்து மஞ்சளைக் காட்டினார். பிறகு எப்போது வந்தாலும் அந்த மஞ்சளைப் பார்க்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் கல்லறைத் திருநாளுக்கு உன் தம்பி ஜெபராஜ் வத்தலக்குண்டிலிருந்து சுண்ணாம்பு வாளியோடு வந்தான். எல்லோரும் அன்று கல்லறைக்கு வெள்ளையடிப்பதுதானே வழக்கம். சுண்ணாம்பு இந்தக் கல்லுக்கு ஆகாது தம்பி என்று மெதுவாகச் சொன்னேன். ஏன் என்று விளக்கவில்லை. விளக்கினால் அது விவாதமாகிவிடும் என்று பயம். அக்காவுக்குச் சுண்ணாம்பு மட்டம், மச்சான் இன்னும் பெரிதாக எதிர்பார்க்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது.

இந்த வருடம் கண் அறுவைச் சிகிச்சைக்காக நான் மதுரையில் கிடந்தபோது வேலை நடந்திருக்கிறது. திருநாளன்று காலையில் ஜெபராஜே காரில் அழைத்துப்போனான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னான்.

"கண்ணு தெளிவாத் தெரியுதா மச்சான்?"

"தெரியுதுப்பா."

"அப்பப் பாருங்க."

பார்த்தேன். முதலில் தேடியது உன் குழியைத்தான். ஜெபராஜ் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கல்லுல ஒரு பள்ளம் கெடந்துச்சு மச்சான். ஒங்கள ஏமாத்திட்டான் அந்தத் தச்சன். சிமெண்டு வச்சு அடச்சு மட்டம் பண்ணிட்டோம்" என்றான். உபதேசியாரின் மனைவி, "அரமன மாதிரி இருக்கு" என்றார். என் கண்ணில் நீர் வந்தது. ஜெபராஜின் மகன், உன் மருமகன் பிரவீன் பதறிப்போய், "அழக்கூடாது மாமா, ஆபரேசன் பண்ணுன கண்ணு" என்று கைக்குட்டையால் ஒற்றினான். எல்லோரும் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்தார்கள்.

இந்தப் பிரவீனைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். அவன் இப்போது வட்டக்கானலில் விருந்தினர் விடுதி நடத்துகிறான். சுவரெல்லாம் பூசாத சிமெண்ட். ஒற்றை விளக்கு, ஒற்றை மரப்பலகை, பெரிய கண்ணாடி சன்னல். நன்றாகவே இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நீ இருந்தால் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்திருப்பாய். உன் சதுரப் படத்தை என்னிடம் கேட்டு வாங்கிப்போய் அங்கேதான் மாட்டியிருக்கிறான். பெங்களூர்ப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அங்கே போய்த்தான் கேட்டேன். "வெறுஞ்செவரோட அழகு ஒனக்குத் தெரியுது. அத்த கல்லுக்கு மட்டும் ஏம்ப்பா ரோஜாப்பூ?"

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குப் புரியவைக்கப் பார்த்தான். "மாமா, இது கெஸ்ட்டுக்கு. அது நம்ம குடும்பத்துக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். நீ ஆசைப்பட்டு வாழ்ந்ததெல்லாம் இப்போது வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற சரக்கு. உனக்கென்று மிஞ்சியது குளியலறை டைல்ஸ். நீ உயிரோடிருந்தபோது உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உன் ரசனையில் தொழில் நடத்துகிறார்கள். இதை நான் யாரிடம் முறையிடுவது?

ஒரு சந்தேகமும் அரிக்கிறது. ஜெபராஜ் தொலைபேசியில் சொன்னான்: "வெறுங்கல்ல வச்சு எங்கக்காவ அநாத மாதிரிப் போட்டுட்டீகன்னு ஊரே பேசுச்சு மச்சான். எங்களுக்கு மானம் இல்லியா?" அவன் குரல் உடைந்தது. அவனும் உன்னை நேசித்தவன்தான். சிறு வயதில் நீ தூக்கி வளர்த்த பிள்ளை. இறந்தவரின் விருப்பம் பெரிதா, இருப்பவரின் மானம் பெரிதா? நான் காப்பாற்ற நினைப்பது உன்னையா, என் ரசனையையா? நீ என்றால் இதற்கு ஒரு நொடியில் பதில் சொல்லியிருப்பாய்.

முருகேசனை அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் விரலால் தட்டிப் பார்த்தார். "டைல்ஸ் வந்துரும் சார். குழியில போட்டது சும்மா வராது. கொத்தித்தான் எடுக்கணும். கல்லுந் தெறிக்கும். பழைய வழவழப்பு வராது, தழும்பு நிக்கும். பெறகு என்னையச் சொல்லக் கூடாது."

அங்கேயே நின்று யோசித்தேன். முழுதாக இருக்கிற பொய்யா, உடைந்துபோன உன் கல்லா? நீ சொன்னபடி ஓர் எட்டு பின்னால் போய்ப் பார்த்தேன். டைல்ஸ் மேல் வெயில் பட்டுக் கண் கூசியது. புதுக் கண்ணுக்கு அது ஆகவில்லை. எடுத்துவிடுங்கள் என்றேன். என் குரல் சரியாக எழும்பவில்லை போலும், முருகேசன் "என்ன சார்?" என்றார். மறுபடியும் சொன்னேன்.

ஜெபராஜிடம் நானே சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினேன். அவன், "அப்ப இனிமே திருநாளுக்கு எங்க வீட்டுல இருந்து ஒருத்தரும் வரமாட்டோம். நீங்களே பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டான். நமக்குப் பிள்ளை இல்லை. எனக்கு மிச்சமிருந்த உறவு அவர்கள்தான். அதுவும் போயிற்று.

உன் படம் போட்ட டைலை மட்டும் உடையாமல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதை அவனுக்கு அனுப்பிவிடுவேன். அவனுடைய அக்கா அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறாள். அதைப் பறிக்க நான் யார்?

சோப்புக் கட்டி காய்ந்து வெடித்துவிட்டது. ஆனால் உன் விரல் பதிந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அதைத் துணியில் சுற்றி மறுபடியும் முருகேசனிடம் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு எல்லாக் கல்லறையிலும் கூட்டம் இருக்கும். உன்னுடையதில் நான் ஒருவன்தான் இருப்பேன், ஒரு மெழுகுவர்த்தியோடு. பேசுகிறவர்கள் பேசட்டும். தழும்போடு கிடக்கும் அந்தக் கல்லில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து வந்து உன்னிடம் சொல்வேன். நிற்காவிட்டாலும் நிற்கவில்லை என்றே சொல்வேன். எல்லோரிடமும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றே சொல்லி வந்தவன் நான். உன்னிடம் இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஓர் எட்டு தள்ளி நிற்கும்,
உன் வீட்டுக்காரன்