நான் பெற்றதாக எழுதப்பட்ட பல்செட்

அனுப்புநர்:
பதிவு எண் 4417,
முன்னாள் துணிக்கடை விற்பனையாளர்,
மூன்றாம் மாடி, பின்பக்க அறை.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
வேலைவாய்ப்பு அலுவலகம்.

பொருள்: வேலை தேடுவோருக்கான இலவசப் பல் சிகிச்சைத் திட்டம் – மெழுகு மாதிரியை வாயில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, பல்செட் வழங்கியதாகப் பதிவு செய்தது – திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினேழு வருடம் துணிக்கடையில் நின்று வியாபாரம் பார்த்தவள். கடையை மூடிய பிறகு ஒன்பது நேர்காணல்களுக்குப் போனேன். மேல்வரிசை முன்பற்கள் ஆறும் சொத்தை, அதில் இரண்டு பாதி உடைந்தவை. பல்லைப் பற்றி எங்கும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் வாயைத் திறந்ததும் விண்ணப்பத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

2. முகத்துக்கு நேராக உண்மையைச் சொன்னவர் தங்கள் அலுவலக ஆலோசகர்தான். என்னைவிடச் சிறியவர், அக்கா என்றே கூப்பிடுவார். "நல்லாப் பேசுறீங்க அக்கா. பல்லு ஒண்ணுதான் இடிக்குது. திட்டத்துல சேர்த்துவிடுறேன், கவலைய விடுங்க" என்றார். கூடப்பிறந்தவன் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். நான்கு பற்களை அடைத்துக் காப்பாற்றலாம் என்று பல் மருத்துவர் சொன்னார். ஆனால் திட்டத்தில் பல் எடுப்பதற்கும் செட் வைப்பதற்கும்தான் இடம் உண்டு, அடைப்பதற்கு இல்லை. ஆலோசகரைக் கேட்டேன். "மொத்தமா எடுத்துடுங்க, செட்டு வந்தா அடுத்த மாசமே வேலை" என்றார். ஆறையும் எடுக்கச் சம்மதித்தேன்.

3. புண் ஆறியதும் அளவெடுத்தார்கள். அடுத்த முறை, மெழுகில் பற்களைப் பதித்த ஒரு மாதிரியை வாயில் வைத்துப் பார்த்தார்கள். கடிக்கக் கூடாது, பல் கழன்றுவிடும் என்று எச்சரித்தார்கள். அன்று கூட வந்திருந்த ஆலோசகர், அந்த நாற்காலியில் வைத்தே தம் செல்போனில் படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார். சொல்ல வெட்கமாக இருக்கிறது ஐயா, மனதாரச் சிரித்தேன். பிறகு மாதிரியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, உண்மையான செட் பத்து நாளில் வரும் என்றார்கள். ஒரு தாளை நீட்டி, போட்டுப் பார்த்ததற்கான கையெழுத்து என்றார் ஆலோசகர். அவரை நம்பிப் படிக்காமல் போட்டது என் தவறு. மறுக்கவில்லை.

4. ஐந்து மாதம் ஆகிறது. அந்த வருடத் திட்டம் முடிந்துவிட்டதாம். என் கோப்பில் "பயனாளி பல்செட் பெற்றுக்கொண்டார்" என்று இருக்கிறது. பெற்றவருக்கு இரண்டாவது செட் கிடையாதாம். ஆலோசகரிடம் போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. "என்ன அக்கா, போட்டோவுல சிரிக்கிறீங்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சிரிக்கச் சொன்னவரே அவர்தான். பல் பிடுங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

5. அந்தப் படம் இப்போது பெரிதாக்கப்பட்டு, தங்கள் காத்திருப்புக் கூடத்தில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது. "திட்டத்தால் பயனடைந்தவர்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். போன மாதம் அதற்கு எதிரே, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பெண் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

6. வரும் இருபதாம் தேதி ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசை வேலைக்கு நேர்காணல். அடுத்த மாதம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும், இதற்குப் பிறகு அங்கே விண்ணப்பிக்க முடியாது. எனவே கோப்பிலுள்ள பொய்யைத் திருத்தி, இருபதாம் தேதிக்குள் பல்செட் கிடைக்க உத்தரவிட வேண்டுகிறேன். முடியாதென்றால் அந்தப் படத்தையாவது கழற்றச் சொல்லுங்கள். அதைப் பார்த்து இன்னொருத்தி ஆறு பல்லையும் எடுத்துவிடக் கூடாது.

7. என் பேச்சில் சந்தேகம் இருந்தால் நேரில் அழைத்து விசாரியுங்கள். தங்கள் முன் வாயைத் திறந்து காட்டுகிறேன். இந்த ஐந்து மாதமாக என் மகள் பள்ளிக்குப் போன பிறகுதான் நான் சாப்பிடுகிறேன். அவளுக்குக்கூட இன்னும் காட்டவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பதிவு எண் 4417

நாள்: மார்ச் 6
இடம்: வேலைவாய்ப்பு அலுவலகக் காத்திருப்புக் கூடம்